தெய்வத்திரு சிவசைலம் சொன்னது

தம்பி, ஒரு நிமிஷம். அந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் குடுங்களேன், பாத்துட்டுத் தந்துடறேன். நீங்க திருமங்கலத்துல ஏறினதுலேருந்து எனக்கு அது மேலேயே கண்ணு. பையோட மேல்பக்கம் சொருகி வச்சிருக்கீங்களா, அந்த மஞ்சள் ஓரம் தெரிஞ்சதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. அழுக்காக்க மாட்டேன். பயப்படாதீங்க.

நல்ல கனமான அட்டை. நான் இதைப் போன்லதான் பாத்தேன். போன்ல மஞ்சள் கொஞ்சம் தூக்கலாத் தெரிஞ்சுது. கையில வச்சுப் பாத்தா அம்சமாத்தான் இருக்கு. நீங்க மாப்பிள்ளை வீடா, பொண்ணு வீடா? மாப்பிள்ளையோட படிச்சவரா! அப்போ நீங்களும் பல் டாக்டர். நல்லது. விசாகன் எப்படி, நல்ல பையனா? கோபக்காரனா? இல்லையா. சரி. கேட்டு வச்சேன்.

இங்க பாருங்க, இந்த மூணாவது வரி. சத்தமா வேணாம், மனசுக்குள்ள படிங்க. ‘திருநெல்வேலி தெய்வத்திரு. சிவசைலம் – தெய்வத்திரு. லோகநாயகி தம்பதியரின் செல்வப் புதல்வி இசைவாணி.’ படிச்சாச்சா? அந்த தெய்வத்திரு சிவசைலம் நான்தான்.

ஏன் தம்பி தள்ளி உக்கார்றீங்க? கையைத் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கா? காலையில மாட்டுத்தாவணியில ரெண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டேன். ராஜபாளையத்துக்கு டிக்கெட் எடுத்திருக்கேன். செத்தவனுக்குக் கண்டக்டர் டிக்கெட் குடுப்பாரா? ஆதார் கார்டு வேணும்னா காட்டறேன். போட்டோவுல மட்டும் கொஞ்சம் செத்தவன் மாதிரி இருப்பேன், அது எல்லாருக்கும் அப்படித்தான்.

எனக்கு யாரும் பத்திரிகை வைக்கல. பெங்களூர்ல என்கூட வேலை பாத்தவன் வேணுகோபால். அவன் சம்சாரத்துக்கு உங்க விசாகன் வீட்டுல ஏதோ தூரத்து உறவு. போன வெள்ளிக்கிழமை அவன்கிட்டேருந்து போன் வந்தது. எடுத்து ‘சொல்லு வேணு’ன்னேன். ‘யாரு பேசறது?’ன்னான். ‘சிவசைலம்’னேன். ‘எந்த சிவசைலம்?’னான். உனக்கு எத்தனை சிவசைலத்தைடா தெரியும்னு கேட்டேன். ஓன்னு அழுதுட்டான். விஷயம் என்னன்னா, வீட்டுக்காரங்களுக்கு ஆறுதல் சொல்லத்தான் அவன் என் நம்பருக்கே போட்டிருக்கான். அதுக்குள்ள பத்திரிகையைப் படம் எடுத்துப் பழைய ஆபீஸ் வாட்ஸப் குரூப்புல செய்தி போட்டாச்சு. நாப்பத்திமூணு பேர் கும்பிடு போட்டிருந்தாங்க தம்பி. என்னைப் பாத்தாலே மூஞ்சியைத் திருப்பிக்கிற ஒருத்தன், ‘தங்கமான மனுஷன்’னு எழுதியிருந்தான். நான் அதுக்குக் கீழ ‘நன்றி’ன்னு போட்டேன். அதுக்கப்புறம் அந்தக் குரூப்புல ஒருத்தரும் பேசல.

சிரிங்க, சிரிங்க. நானும் அன்னைக்குச் சிரிச்சேன். சிரிச்சு முடிச்சுட்டு அந்தப் படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். லோகா பேரு. பக்கத்துல என் பேரு. ரெண்டுக்கும் முன்னாடி ஒரே வார்த்தை. அவளுக்குப் போட்டது சரி. அவ போயி மூணு வருஷம் ஆகுது. எனக்கு எப்படிப் போடலாம்?

இது யார் வேலைன்னு எனக்குத் தெரியும். கீழ பாருங்க, ‘தங்கள் நல்வரவை விரும்பும்’னு. நெல்லையப்பன். என் மச்சினன். லோகாவோட தம்பி. பத்திரிகை அவன் பேருலதான் அடிச்சிருக்கு. மேட்டர் எழுதினது அவனாத்தான் இருக்கும். நேரா மண்டபத்துக்குப் போறேன். அவன் சட்டையைப் பிடிச்சு, ‘டேய், நான் செத்துட்டேனா, என்னைப் பாத்துச் சொல்லு’ன்னு கேக்கப் போறேன். நாலு பேரு முன்னாடி கேப்பேன். அதுக்குத்தான் இந்த பஸ்சு.

என் பொண்ணு மேல எனக்கு வருத்தமில்ல. அது ஏன்னு உங்களுக்குப் புரியணும்னா என் தொழிலைக் கொஞ்சம் சொல்லணும். இன்னும் கிருஷ்ணன்கோவில்கூட வரல, நேரமிருக்கு, கேளுங்க.

இப்போ உங்ககிட்ட ஒருத்தன் வந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? வாயைத் திறன்னு சொல்லுவீங்க, சின்னக் கண்ணாடியை உள்ள விட்டு ஒண்ணு ரெண்டுன்னு எண்ணுவீங்க. கம்ப்யூட்டர் அப்படி எண்ணாது. கம்ப்யூட்டருக்குள்ள கெர்னல்னு ஒண்ணு இருக்கு. விண்டோசோ லினக்சோ, எதுவா இருந்தாலும் நடு ஆளு அதுதான். மொத்த மிஷினையும் ஆளப்போறது அது. ஆனா காலையில அது எந்திரிக்கும்போது ஒரே ஒரு ப்ராசஸர்ல தன்னந்தனியாக் கண்ணு முழிக்கும். மத்த ப்ராசஸர் எல்லாம் தூங்கிட்டிருக்கும். தன்கூட எத்தனை பேர் இருக்காங்கன்னு அதுக்குத் தெரியாது. வாயைத் திறன்னு சொல்லி எண்ணறதுக்கு அதுகிட்டக் கண்ணாடியும் கிடையாது.

அப்போ எப்படித் தெரிஞ்சுக்கும்? அதுக்கு முன்னாடியே ஒருத்தன் எந்திரிச்சு ஒரு பட்டியல் எழுதி வச்சிருப்பான். அவன் பேரு ஃபர்ம்வேர். சர்க்யூட் போர்டோட கூடவே வர்ற சின்னப் புரோகிராம். இந்த மிஷின்ல இத்தனை ப்ராசஸர், இதோட அடையாள எண் இது, அடுத்ததோட எண் இது, ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல இது உண்டா இல்லையான்னு ஒரு குறி. ஒண்ணு போட்டா உண்டு. சைபர் போட்டா கிடையாது. நாங்க அதை டேபிள்னு சொல்லுவோம். கெர்னல் அந்த டேபிளைத்தான் படிக்கும். ஒண்ணுன்னு இருந்தா அந்த எண்ணைக் கூப்பிட்டு, எந்திரின்னு சொல்லும். பத்து செகண்டு வரைக்கும் பாக்கும். வரலேன்னா, ‘பதில் இல்லை’ன்னு ஒரு வரி எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடும். அது வேற கதை, அதை விடுங்க. நான் சொல்ல வந்தது சைபரைப் பத்தி. சைபர்னு எழுதியிருந்தா கெர்னல் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காது. அந்த ப்ராசஸர் கல்லு மாதிரி இருக்கலாம். ஒரு குறையும் இல்லாம இருக்கலாம். டேபிள்ல இல்லேன்னா இல்ல.

அந்த டேபிளை எழுதறவன்தான் தம்பி நான். முப்பது வருஷம். எத்தனையோ மிஷினுக்கு, யாரு உண்டு யாரு இல்லேன்னு எழுதினவன்.

இப்போ புரியுதா? என் பொண்ணு கெர்னல் மாதிரி. அவ மேல தப்பு சொல்ல முடியாது. மாமன் என்ன எழுதிக் குடுத்தானோ அதைப் படிச்சிருக்கா. அப்பா உண்டா இல்லையான்னு எழுதறது மாமன் கையில இருக்கு. பதினாலு வருஷமா அவன் வீட்டுல வளந்த பொண்ணு.

இல்ல இல்ல, நாங்க பிரியல. கோர்ட்டு, கேசு, ஒண்ணும் கிடையாது. ஒரு கடுஞ்சொல்லு சொன்னது கிடையாது நான். லோகாவை நீங்க கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பா. இசை ஒன்பதாவது படிக்கறப்போ லோகா ஒருநாள் சாப்பாடு போட்டுக்கிட்டே ஏதோ சொன்னா. நான் தட்டைப் பாத்துட்டிருந்தேன். மனசுக்குள்ள ஒரு போர்டு ஓடிட்டிருந்தது. ‘நான் பேசறது உங்களுக்குக் கேக்குதா?’ன்னா. ‘கேக்குதே’ன்னேன். உண்மையிலேயே கேட்டுதுங்க. என்ன சொன்னான்னு கேட்டிருந்தா சொல்லத் தெரிஞ்சிருக்காது, அவ்வளவுதான். லோகா சிரிச்சா. அந்த மாசமே அவளும் பொண்ணும் ராஜபாளையம் போயிட்டாங்க. அவ தம்பி வீடு பெருசு, ஸ்கூலும் பக்கம், எனக்கும் லேப்புல வேலை ஜாஸ்தின்னு பேசித்தான் முடிவு பண்ணினோம். பேசினது அவதான். நான் சரின்னேன்.

கிளம்பறப்போ மூக்குத்தியைக் கழட்டி என் கையில குடுத்தா. அவங்க அம்மா போட்ட வைர மூக்குத்தி. திருகாணி தேஞ்சுபோச்சு, கழண்டு கழண்டு விழுது, மாத்தி வச்சு அடுத்த தடவை வரும்போது கொண்டு வாங்கன்னா. மேஜை டிராயர்ல வச்சேன். தீபாவளிக்குப் போனேன், மறந்துட்டேன். பொங்கலுக்குப் போனேன், மறந்துட்டேன். அவ மூக்குல ஓட்டை தூந்துடக் கூடாதுன்னு வேப்ப ஈர்க்கு ஒண்ணைக் கிள்ளிச் சொருகியிருந்தா. ஒவ்வொரு தடவையும் புது ஈர்க்கு. பச்சையா இருக்கும். ஒருநாள் வேற மூக்குத்தி வாங்கிப் போட்டுக்கயேன்னு சொன்னேன். ‘அதுதான் வருதே’ன்னா. ரெண்டு மூணு வருஷம் கழிச்சுப் பாத்தப்போ அந்த ஈர்க்கும் இல்ல. நல்லதாப் போச்சுன்னு நினைச்சேன். உறுத்தாது பாருங்க.

பொண்ணு மூக்குக் குத்தியிருக்காளா தம்பி? கவனிக்கலையா. ஆமா, நீங்க பல்லைத்தான் பாப்பீங்க.

மூணு வருஷத்துக்கு முன்னாடி சித்திரையில ஒரு போர்டு வந்தது. பெரிய வெளிநாட்டுக் கஸ்டமர். உங்க கணக்குதான் அதுலயும், முப்பத்திரண்டு ப்ராசஸர். ஆன் பண்ணினா முப்பத்தொண்ணுதான் காட்டுது. ஒண்ணு காணோம். நான் அந்த ப்ராசஸர் எல்லாம் இருக்கற சிப்பைக் குத்தம் சொன்னேன். சிப்புக்காரன் போர்டைச் சொன்னான். கெர்னல் பாக்கற பொண்ணு ஒண்ணு, சின்னப் பொண்ணு, முதல் வாரத்துலேயே சொன்னா, ‘சார், டேபிளை ஒரு தடவை பாத்துடலாமே’ன்னு. எனக்கு வந்தது பாருங்க ஆத்திரம். என் டேபிள்ல தப்பு வந்து நீ பாத்திருக்கியாம்மான்னு கேட்டேன். அவ தன் இடத்துக்குப் போயிட்டா. சித்திரை போச்சு, வைகாசி போச்சு, ஆனி வந்தாச்சு. நான் வீட்டுக்குத் தூங்க மட்டும் போயிட்டிருந்தேன்.

அந்தக் கஸ்டமர் வேலைன்னா லேப்புக்குள்ள போன் கொண்டு போகக் கூடாது. வாசல்ல லாக்கர் வச்சிருப்பாங்க. காலையில போனை உள்ள வச்சுப் பூட்டினா சாயங்காலம்தான் கையில வரும். வீட்டுக்கு நான் தெளிவாச் சொல்லி வச்சிருந்தேன். போன் பண்ணாதீங்க, என்ன விஷயம்னு எழுதி அனுப்புங்க, நான் பாத்துட்டுக் கூப்பிடறேன்னு. எழுதினா ஒரு கணக்கு இருக்கும். எது அவசரம், எது சும்மான்னு தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லாக்கரைத் திறந்தா ஒன்பது மிஸ்டு கால். ஒன்பதும் இசை. எழுத்துல ஒண்ணும் இல்ல. ஒரு வரி இல்ல. எழுதி அனுப்பலேன்னா என்ன அர்த்தம்? அவசரம் இல்லேன்னுதானே அர்த்தம்? நீங்களே சொல்லுங்க. லோகாவுக்கு சுகர் இருந்தது, அது எல்லாருக்கும் இருக்கு. வேற ஒண்ணும் இருக்கறதா எனக்கு யாரும் எழுதல. மறுநாள் கஸ்டமர் வர்றான். நான் போனைச் சட்டைப் பையில போட்டுட்டு வீட்டுக்கு வந்து படுத்துட்டேன். காலையில கூப்பிடலாம்னு நினைச்சேன். காலையில பஸ்சுல ஒரு யோசனை வந்தது, அதையே யோசிச்சுக்கிட்டு வந்து, போனை லாக்கர்ல வச்சுப் பூட்டிட்டேன்.

என்ன யோசனைன்னா, அந்தக் கெர்னல் பொண்ணு வாயை அடைக்கணும். டேபிளைத் திறந்து காட்டி, பாத்துக்கோ, முப்பத்திரண்டுக்கும் ஒண்ணு போட்டிருக்கேன்னு சொல்லணும். எல்லாரையும் கூப்பிட்டு உக்கார வச்சுத் திறந்தேன். ஒவ்வொரு வரியா இறங்கி வர்றேன். ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு. இருபத்திநாலாவது வரியில சைபர்.

நான் போட்ட சைபர் தம்பி. முதல்ல வந்த சாம்பிள் சிப்புல அந்த ஒண்ணு மட்டும் தகராறு பண்ணிச்சு. ஒருநாள் டெமோவுக்காக, இன்னைக்கு மட்டும் இவன் இல்லாம ஓட்டுவோம்னு நானே என் கையால சைபர் போட்டேன். சாயங்காலம் மாத்திடலாம்னு நினைச்சேன். அப்புறம் புது சிப்பு வந்தது, நல்ல சிப்பு. சைபர் அப்படியே இருந்துபோச்சு. அந்தப் பொண்ணு தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் அதை ஒண்ணா மாத்திட்டு ஆன் பண்ணினேன். கெர்னல் கூப்பிட்டுது. அடுத்த கணமே வந்துடுச்சு. பத்து செகண்டு எதுக்கு, கண்ணிமைக்கிற நேரம் ஆகல. முப்பத்திரண்டுன்னு ஸ்கிரீன்ல எழுதிச்சு. மூணு மாசம் அது அங்கேயே உக்காந்திருந்திருக்கு தம்பி. ஒரு குறையும் இல்ல அதுக்கு. யாரும் கூப்பிடல, அவ்வளவுதான்.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. இதை யார்கிட்டயாவது சொல்லணும் போல இருந்தது. யார்கிட்டச் சொல்றதுன்னு யோசிச்சா, நம்ப மாட்டீங்க, லோகா ஞாபகம்தான் வந்தது. கல்யாணமான புதுசுல ஒரு மிஷின் ஓடினா அவகிட்டத்தான் முதல்ல சொல்லுவேன். ஒண்ணும் புரியாது அவளுக்கு. ‘அது நல்லா இருக்குல்ல?’ன்னு கேப்பா. நல்லா இருக்கும்பேன். ‘அப்போ சாப்பிடுங்க’ம்பா. லாக்கர் சாவியைக் கையில வச்சுக்கிட்டு ஓடி வந்தேன். அம்பத்திநாலு வயசுல ஓடினேன்.

போனைத் திறந்தா நெல்லையப்பன் எழுதியிருக்கான். ‘அத்தான், அக்கா போயிட்டா. சாயங்காலம் நாலு மணிக்கு எடுக்கிறோம்.’ எழுதினது காலையில ஏழு அம்பதுக்கு. நான் படிச்சப்போ மணி ஏழு. சாயங்காலம் ஏழு.

எழுதி அனுப்பியிருந்தான் பாருங்க. அதுல அவன் சரியாத்தான் செஞ்சான். நான்தான் பாக்கல.

அன்னைக்கே போனீங்களான்னு கேக்கறீங்க. போகல. எல்லாம் முடிஞ்சுபோச்சே, இனிமே போயி என்ன செய்யப் போறோம்னு தோணிச்சு. மறுநாளும் கஸ்டமர் இருந்தான். பதினாறாம் நாள் காரியத்துக்கு லீவு போட்டுப் போனேன். இசை கூடத்துல உக்காந்திருந்தா. என்னைப் பாத்து ஒண்ணே ஒண்ணு சொன்னா. ‘ரிங் போயிட்டே இருந்துச்சுப்பா.’ நான் சொன்னேன், ஆமாம்மா, லாக்கர்ல இருந்தா ரிங் போகத்தான் செய்யும், சுவிட்ச் ஆஃப் பண்ண மாட்டோம், சைலன்ட்ல போட்டுத்தான் வைப்போம்னு. எப்படி வேலை செய்யுதுன்னு விளக்கினேன். அவ கேட்டுக்கிட்டா. எந்திரிச்சு உள்ள போயிட்டா. அதுக்கப்புறம் எங்கிட்டப் பேசல.

பின்னாலதான் நெல்லையப்பன் சொன்னான். அந்தச் செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில லோகாவுக்கு நினைவு இருந்ததாம். ‘அவருக்குப் போடு’ன்னு சொல்லியிருக்கா. இசை போட்டிருக்கா. எடுக்கலேன்னதும், ‘வேலையா இருப்பாரு, கொஞ்ச நேரம் கழிச்சுப் போடு’ன்னாளாம். இப்படியே ஒன்பது தடவை. ஒன்பதாவது தடவை இசை, ‘எழுதி அனுப்பட்டுமாம்மா?’ன்னு கேட்டிருக்கா. லோகா வேண்டாம்னு தலையை ஆட்டியிருக்கா. என்னத்தை எழுதச் சொல்லுவா?

இருங்க தம்பி. தண்ணி வேணாம். தூசி.

அதுக்கப்புறம் நான் மாசா மாசம் இசைக்குப் போன் பண்ணிட்டுத்தான் இருக்கேன். எடுக்க மாட்டா. எழுதினா ஒரு டிக்கோட நிக்கும். வேலைக்குப் போற பொண்ணு, நேரம் இருக்காது. மாமன் என்னத்தைச் சொல்லி வச்சிருக்கானோ! அதான் சொல்லுதேனே, எல்லாம் அவன் வேலை. உயிரோட இருக்கறவனுக்குச் சைபரைப் போட்டுட்டான். நான் போட்ட மாதிரி மறதியில போட்டிருந்தாலும் மன்னிச்சுடுவேன். இவன் தெரிஞ்சே போட்டிருக்கான். இன்னைக்கு நான் உள்ள போயி நின்னா அந்தச் சைபர் ஒண்ணாயிடும். கண்ணால பாத்தா இசை ஓடி வந்துடுவா. அந்த இருபத்திநாலாவது மாதிரி. இந்தாங்க, இதைப் பாருங்க, சின்ன டப்பிதான். அதே மூக்குத்தி. நேத்து சாயங்காலம் திருகாணி மாத்திட்டேன். பத்து நிமிஷ வேலைங்க. ஆசாரி கூலி வாங்கவே யோசிச்சாரு.

என்ன தம்பி? எதையோ சொல்ல வந்துட்டு முழுங்கறீங்க. சொல்லுங்க.

சிவகாசி பிரஸ்சுக்கா? நீங்களும் கூடப் போயிருந்தீங்களா, விசாகனோட? இசையும் வந்திருந்தாளா. புரூஃப் பாக்க. சரி. புரூஃப்ல என்ன இருந்தது?

திருவா? ‘திரு. சிவசைலம்’னா? நெல்லையப்பன் அப்படியா எழுதிக் குடுத்திருந்தான்? வெறும் திருன்னு?

நல்லாப் பாத்தீங்களா தம்பி? வேற யாரு பேரையோ பாத்திருப்பீங்க. பேனாவை யாரு வாங்கினா? இசையா?

முன்னாடி ‘தெய்வ’ன்னு அவளேவா எழுதினா.

என்ன சொல்லிக்கிட்டு எழுதினா? ‘மாமாவுக்கு இன்னும் மனசு வரல’ன்னா. நீங்க எல்லாரும் அதை நம்பிட்டீங்க. நம்பாம என்ன பண்ணுவீங்க, பெத்த பொண்ணு சொல்றப்போ! விசாகன் ஒண்ணும் கேக்கலையா? முன்னாடியே சொல்லி வச்சிருந்தாளா. என்னன்னு? அம்மாவும் அப்பாவும் ஒரே நாள்ல போயிட்டாங்கன்னா?

ஒரே நாள்ல.

சரியாத்தான் சொல்லியிருக்கா.

இல்ல தம்பி, எனக்கு ஒண்ணும் ஆகல. நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கறீங்க? நீங்க கண்ணால பாத்ததைச் சொன்னீங்க. நான்தான் டேபிள்ல தப்பு, டேபிள்ல தப்புன்னு மதுரையிலேருந்து பல்லைக் கடிச்சுக்கிட்டு வர்றேன். நெல்லையப்பன் ஒண்ணுன்னுதான் போட்டிருக்கான். பாவம், அவன் சட்டையைப் பிடிக்கணும்னு வந்தேன். நான் அது வேற கதை, விடுங்கன்னு சொன்னேன்ல, அந்தப் பத்து செகண்டு, அதுதான் கதை. டேபிள்ல உண்டுன்னு இருந்தது. அவ கூப்பிட்டா. ஒன்பது தடவை கூப்பிட்டா. கெர்னல்கூட இவ்வளவு தடவை கூப்பிடாது. பதில் வரலேன்னுதான் எழுதியிருக்கா. படிச்சுப் பாத்து எழுதினது இல்ல இது. கூப்பிட்டுப் பாத்து எழுதினது.

இது என்ன ஊரு, ஸ்ரீவில்லிபுத்தூரா? கண்டக்டர் சார், இங்க ஒரு ஆள் இறங்கணும்! ராஜபாளையம்தான் எடுத்தேன், பரவாயில்ல, இங்கேயே நிறுத்துங்க.

உக்காருங்க தம்பி, நீங்க எந்திரிக்காதீங்க. நான் எப்படி உள்ள வர முடியும்? நான் போயி நின்னா எல்லார் முன்னாடியும் அவ பொய் சொன்னவளாயிடுவா. மாப்பிள்ளை வீட்டுல என்ன நினைப்பாங்க? இன்னைக்கு அவளுக்குத் தாலி ஏறணும். தாரை வாக்க நெல்லையப்பன் இருக்கான். அவன்தான் வாக்கணும். பத்து நாள் இல்ல, பதினாலு வருஷம் அவன் வீட்டுச் சோறு.

இந்த டப்பியை நீங்க வச்சுக்கோங்க. எல்லாம் முடியட்டும். கூட்டம் குறைஞ்சதும், பக்கத்துல யாரும் இல்லாதப்போ அவ கையில குடுங்க. என்னைப் பத்தி ஒண்ணும் சொல்ல வேணாம். திறந்து பாத்தா அவளுக்குத் தெரியும். விசாகன்கிட்டச் சொல்றதும் சொல்லாததும் அவ இஷ்டம், நீங்க வாயைத் திறக்காதீங்க. அவ எதுவும் கேக்கலேன்னா நீங்க பாட்டுக்குச் சாப்பிட்டுட்டு ஊருக்குப் போங்க. வந்ததுக்கு ஒரு குறையும் இல்ல.

கேட்டான்னா மட்டும், எங்க இருக்காருன்னு ஒரு வார்த்தை கேட்டான்னா மட்டும், ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்காருன்னு சொல்லுங்க. கடைசி பஸ் போற வரைக்கும் இருப்பேன். வரணும்னு இல்ல. போன் போட்டாப் போதும். நம்பர் மாறல, அதே நம்பர்தான். இதோ பாருங்க, சைலன்ட்லேருந்து எடுத்துட்டேன், சத்தத்தையும் முழுக்கக் கூட்டி வச்சிட்டேன். கையிலயேதான் வச்சிருப்பேன். ஒரு ரிங்குல எடுத்துடுவாருன்னு சொல்லுங்க தம்பி.